எந்த விதி?

நான்கு எலுமிச்சம்பழங்கள், நான்கு சக்கரங்கள்!

விடியற்காலை மூன்று மணி. சென்னையிலே ஒரு தெருமுனை. வாடகைக் காரின் ஓட்டுநர் குனிந்து, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழங்களை வைக்கிறார், முகப்பிலே சூடம் காட்டுகிறார், கண்களில் ஒற்றிக்கொள்கிறார். ஏறி அமர்ந்துவிட்ட நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை புரிகிறோம். அந்தப் புன்னகைக்குப் பொருள் என்ன? "பாவம், அறியாதவர்!" என்பதுதான். அறிந்தவர்கள் யார்? நாங்கள்தாம்!

"பழம் நசுங்கினால் பகையும் நசுங்குமோ?" என்றார் ஒரு நண்பர். "பகை நசுங்குமோ என்னவோ, பானம் ஒன்று பாழாயிற்று!" என்றார் மற்றவர். சிரித்தோம். ஓட்டுநரும் சிரித்தார், நாங்கள் சொன்னது அவருக்குப் பிடித்ததனால் அல்ல, வாடகைக்கு அமர்த்தியவர் சிரிக்கும்போது உடன் சிரிப்பது அவருடைய தொழிலின் ஒரு பகுதி என்பதனால். வண்டி நகர்ந்தது. பழங்கள் நசுங்கின.

பயணம் திருவண்ணாமலைக்கு. அங்கே, நண்பர் ஒருவர் நடத்தும் படிப்பு வட்டத்திலே, காலை பத்து மணிக்குப் பேச்சு. பேச்சின் தலைப்பு, "விதியும் மதியும்". பேச இருந்தவன் நான். அந்தத் தலைப்பைப் பற்றி நான் அங்கே என்ன பேசினேன் என்பதை இப்போது சொல்லப்போவதில்லை. வழியிலே நான் என்ன கற்றேன் என்பதைத்தான் சொல்லவேண்டும். ஏனெனில், பேசியதைவிடக் கற்றது பெரிது. பேசியதிலே பெருமை உண்டு, கற்றதிலே வெட்கமும் உண்டு.

ஜி.எஸ்.டி. சாலையிலே வண்டி விரைந்தது. உள்ளே எங்கள் வாதமும் விரைந்தது. வள்ளுவர், ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார், முப்பத்தெட்டாவது அதிகாரம். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார், அறுபத்திரண்டாவது அதிகாரம். முன்னதை முடிவாகக் கொள்வதா, பின்னதை முடிவாகக் கொள்வதா என்று ஒரு வாதம். சிலப்பதிகாரத்திலே கோவலன் மாண்டது ஊழ்வினையாலா, ஆராயாது ஆணையிட்ட அரசனாலா என்று மற்றொரு வாதம். எத்தனை மேற்கோள்கள்! எத்தனை எதிர்வாதங்கள்! ஊழை ஒழித்துக்கட்டிவிட்டோம் திண்டிவனம் வருவதற்குள்ளாகவே!

இடையிலே ஒருவர் ஓட்டுநரைப் பார்த்து, "கொஞ்சம் வேகமாகப் போகலாமே, பத்து மணிக்குக் கூட்டம்" என்றார். "சரிங்க சார்" என்றார் அவர். அவர் கொட்டாவி விட்டதை, முன்னிருக்கையில் இருந்த நான் பார்த்தேன். ஒருமுறை அல்ல, பலமுறை. பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை. பார்ப்பது கண்ணின் வேலை, கவனிப்பது மனத்தின் வேலை. என் மனம் அப்போது மதுரையிலே, பாண்டியன் அவையிலே இருந்தது!

திண்டிவனத்தில் மேற்கே திரும்பினோம். செஞ்சிக்கு முன்னால், கிழக்கு வெளுக்கும் நேரம். வண்டி மெல்ல இடப்புறம் சாய்ந்தது. தார்ச்சாலை முடிந்து மண்ணிலே சக்கரம் இறங்கியது. சரளைக்கல் சடசடவென அடித்தது. எதிரே புளியமரம்! "ஐயோ!" என்று நான் கத்திய கத்தலிலே ஓட்டுநர் விழித்தார் — ஆம், விழித்தார்! வண்டியை ஒடித்தார், நிறுத்தினார். மரத்துக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கும்.

ஓசை இல்லை. ஒருவரும் பேசவில்லை. பிறகு, எங்களுள் ஒருவர், சோதிடத்தை எதிர்த்துப் பத்துக் கட்டுரைகள் எழுதியவர், பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நல்ல நேரம், பிழைத்தோம்!"

நல்ல நேரமாம்! பகுத்தறிவு பேசிய நாக்குத்தான் அது. பயம் வந்ததும் பாட்டி கற்றுத்தந்த சொல்லைத் தேடிப் போயிற்று. அவரை நான் குறைகூற மாட்டேன். என் நாக்கின் நுனியிலும் அதுவே இருந்தது, அவர் முந்திக்கொண்டார். அவ்வளவுதான்.

சிறிது தொலைவிலே ஒரு தேநீர்க்கடை. அடுப்பிலே பால் பொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா எங்களைப் பார்க்கவில்லை. ஓட்டுநரின் கண்களைப் பார்த்தார்.

"எத்தினி நாளாச்சு தம்பி தூங்கி?"

"மூணு நாளா சவாரிம்மா. நடுவுல வண்டியிலயே சாய்ஞ்சிக்குவேன்."

"மாட்டேன்னு சொல்றதுதானே?"

"சொன்னா அடுத்த சவாரிக்குக் கூப்பிட மாட்டாங்கம்மா. வண்டிக்குத் தவணை கட்டணும்."

நடந்ததைக் கேட்டறிந்த அந்த அம்மாவிடம், நண்பர் மீண்டும், "ஏதோ நேரம் நன்றாக இருந்தது" என்றார். அந்த அம்மா பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நேரமும் இல்ல, காலமும் இல்ல சாமி. அவருக்குத் தூக்கம் இல்ல. நீங்க யாரும் கேக்கல."

நீங்க யாரும் கேக்கல! தோழர்களே, எத்தனையோ மேடைகளிலே எத்தனையோ எதிர்ப்பாளர்களின் கேள்விக்கு விடை கூறியவர்கள் நாங்கள். அந்த ஒரு சொற்றொடருக்கு எங்களிடம் விடை இல்லை. எலுமிச்சம்பழம் உயிர் காக்காது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரிந்தது. எது உயிர் காக்கும் என்று கேட்கத் தெரியவில்லை! முன்னதோடு நின்றுவிட்டால் அது ஏளனம். பின்னதையும் கேட்டால்தான் அது பகுத்தறிவு.

கடைக்குப் பின்னே ஒரு கயிற்றுக்கட்டில். ஓட்டுநரை அதிலே படுக்கச்செய்தார் அந்த அம்மா. ஒன்றரை மணி நேரம் உறங்கினார் அவர். கூட்டத்துக்குத் தாமதமாகும் என்று தொலைபேசியிலே சொன்னோம். உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை! அந்த ஒன்றரை மணி நேரம், செஞ்சி மலைகளைப் பார்த்தபடி அமர்ந்து, நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன் — விதி.

தமிழிலே இந்தச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தலைவிதி என்கிறோம்; சாலை விதி என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே எழுத்துகள்தாம். ஆனால் ஒன்றுக்கொன்று பகை. தலைவிதி, யாரோ எழுதியது, எவரும் படிக்க முடியாதது, மாற்றவே இயலாதது என்பர். சாலை விதியோ, மனிதன் எழுதியது, அனைவரும் படிக்கக்கூடியது, வேண்டும்போது மாற்றத்தக்கது. தலைவிதி, "நடப்பது நடக்கும்" என்று கைகட்டி நிற்கச் சொல்கிறது, சாலை விதி, "நீ இப்படி நட, அவனும் அப்படி நடப்பான், இருவரும் பிழைக்கலாம்" என்று கைகோக்கச் சொல்கிறது.

மாற்றத்தக்கதா என்று ஐயுறுவோர் சுவீடன் நாட்டைப் பார்க்கட்டும். 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அதுவரை சாலையின் இடப்புறம் சென்ற அந்த நாடு முழுவதும் வலப்புறத்துக்கு மாறியது. ஒரு பொழுது விடிவதற்குள் நாட்டின் விதி மாறிற்று! எந்தக் கோளும் இடம் பெயரவில்லை. மனிதர் கூடி முடிவு செய்தனர், மாறினர்.

அதே நாட்டைச் சேர்ந்த பொறியாளர் நீல்ஸ் போலின், வால்வோ நிறுவனத்திலே பணியாற்றியபோது, 1959இல் மூன்று முனைகளிலே பொருந்தும் இருக்கைப் பட்டையை உருவாக்கினார். அந்த நிறுவனம் அந்தக் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துணிப்பட்டை! அது காத்த உயிர்கள் உலகெங்கும் எண்ணற்றவை. அன்று எங்கள் வண்டியில் நான் மட்டுந்தான் அதை மாட்டியிருந்தேன் — உயிருக்கு அஞ்சியல்ல, அபராதத்துக்கு அஞ்சி! பின்னிருக்கையிலே இருந்த பகுத்தறிவாளர் இருவரும் பட்டையின் மீதே அமர்ந்திருந்தனர்.

விபத்துகள் அடிக்கடி நிகழும் வளைவை "காவு கேட்கும் இடம்" என்கிறார்கள் நம் மக்கள். பொறியாளரும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார் — கரும்புள்ளி. தேசிய நெடுஞ்சாலையிலே ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவித்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் என்றால் அது கரும்புள்ளி. இரு பெயர்களும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன. ஆனால், காவு கேட்கும் இடம் என்று சொன்னால் அடுத்து வருவது சேவல். கரும்புள்ளி என்று சொன்னால் அடுத்து வருவது விளக்கு, எச்சரிக்கைப் பலகை, வளைவைத் திருத்தும் வேலை. விபத்து வாராதிருக்கச் சாலையிலே பூசணிக்காய் உடைக்கிறோம். அந்தப் பூசணியிலே சறுக்கி இருசக்கர வண்டிக்காரன் விழுகிறான். பெயரைத் தவறாக வைத்தால் மருந்தும் தவறாகிவிடும்!

நாங்கள் சென்ற அதே நெடுஞ்சாலைதான் திருவண்ணாமலையைக் கடந்து, செங்கம் வழியாகக் கிருட்டிணகிரிக்குச் செல்கிறது. 2023 அக்டோபரில், பத்து நாட்களுக்குள்ளாகவே, செங்கத்தை அடுத்து இரண்டு கோர விபத்துகள். ஒவ்வொன்றிலும் ஏழு உயிர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2022இல், இந்தியச் சாலைகளிலே மாண்டவர் 1,68,491 பேர் என்கிறது அரசின் கணக்கு. விபத்துகளின் எண்ணிக்கையிலே நாட்டில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு — 64,105. முதலிடம்! எதிலெல்லாமோ முதலிடம் விரும்பும் நாம், இதிலே வெட்கப்பட வேண்டாமா? ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலையிலே ஒரே ஆண்டில் ஒரே எழுத்தை எழுத அந்தப் பிரமனுக்குத்தான் என்ன அவசரம்? மிகை வேகம், உறக்கமின்மை, மது, இருண்ட வளைவு — எழுதிய கைகள் இவை.

உறக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1961இலேயே மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி நேரமேனும் ஓய்வு என்று அது வரையறுத்தது. ஆனால், ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்துக்குத்தான் அது. கடன் வாங்கிக் கார் வாங்கி, தானே முதலாளியாய், தானே தொழிலாளியாய் நிற்கும் எங்கள் ஓட்டுநருக்கு எந்தச் சட்டம் கட்டில் போட்டுக்கொடுத்தது? கடைக்கார அம்மாதான் போட்டார்!

பதினொரு மணிக்கு மேல் திருவண்ணாமலையை அடைந்தோம். பேச்சு முடிந்தது. அன்று முழுநிலவு நாள். மாலையிலே ஊர் நிரம்பிற்று. 217 அடி உயர இராசகோபுரத்தின் நிழலிலே தொடங்கி, மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் — ஆயிரமாயிரம் காலடிகள். அந்தச் சுற்றினால் பயன் உண்டு என்று நாங்கள் நம்பவில்லை, ஆனால் மனிதரைக் காண விரும்பினோம், நடந்தோம்.

வழியோரத் திண்ணையிலே ஓர் ஆயா கால்களை நீவியபடி அமர்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தோம். ஒரே மகன், இருசக்கர வண்டியிலே வேலைக்குப் போனவன், இரவிலே ஏதோ வண்டி மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அன்று முதல் முழுநிலவுதோறும் வருகிறார். "எல்லாம் அவன் விதிப்பா" என்றார்.

நண்பர் ஒருவர் வாய் திறந்தார். "விதி என்று ஒன்றும் இல்லை அம்மா…" என்று தொடங்கினார். நியாயங்கள் அனைத்தும் அவரிடம் இருந்தன. நான் அவர் கையைப் பற்றினேன். ஆயா அவரை நிமிர்ந்து பார்த்தார், சினம் இல்லை. மெல்லச் சொன்னார்:

"அரை மணி நேரம் ரோட்டுல கெடந்தானாம்பா. வண்டிங்க போய்க்கிட்டே இருந்துச்சாம். யாராச்சும் தூக்கியிருந்தா…"

அதற்கு மேல் பேசவில்லை. பேசவேண்டியதும் இல்லை. அந்தத் தாய்க்குத் தெரியும்! விதி என்ற சொல்லின் கீழே, தூக்காமல் போனவர்களின் முகங்கள் இருப்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு இரவும் அந்த முகங்களை எண்ணிக்கொண்டு உயிர் வாழ முடியாது என்பதனால்தான், அவற்றின்மீது அந்தச் சொல்லை இழுத்துப் போர்த்தியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. விதி என்று ஒருவர் சொன்னால், அது உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்டால் போதாது. சொல்பவர் யார் என்றும் கேட்கவேண்டும். இழந்தவர் சொன்னால் அது காயத்துக்குக் கட்டிய துணி. அதை வெடுக்கெனப் பிடுங்குபவன் மருத்துவன் அல்லன். மோதியவன் சொன்னால், வேகமாகப் போகச் சொன்னவன் சொன்னால், விளக்குப் போடாத அதிகாரி சொன்னால், உறக்கத்துக்கு நேரம் தராத முதலாளி சொன்னால், அது குற்றத்தை மூடும் திரை. அதைக் கிழிக்காதவன் பகுத்தறிவாளன் அல்லன். துணியைப் பிடுங்கிவிட்டுத் திரையை விட்டுவைக்கிறோமே, அதுதான் நம் பிழை. ஏனெனில், ஆயாவோடு வாதாடுவது எளிது. அதிகாரியோடும் முதலாளியோடும், ஏன், நம்மோடும் வாதாடுவது கடினம்!

அந்த மலையையே பாருங்கள். 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையிலே, மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரிலே ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறார். ஆண்டுதோறும் தீபம் ஏற்றிக் கும்பிடும் மலை! சினந்ததா அது? மலைக்குச் சினமும் இல்லை, அருளும் இல்லை. சரிவு உண்டு, மண் உண்டு, மழையில் ஊறினால் நழுவும் இயல்பு உண்டு. சரிவின் கீழே சிலர் ஏன் வீடு கட்டி வாழ நேர்கிறது என்ற கேள்விக்கு மட்டும் மலை விடை கூறாது, நாம்தான் கூறவேண்டும்.

நடந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்தையும் பாருங்கள். உன் சாதி என்ன என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தோளோடு தோள் உரசி நடந்தனர். ஆனால், கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடக்கும் உரிமைக்காகவே 1924இல் வைக்கத்திலே சிறை செல்ல வேண்டியிருந்ததே! கோயிலுக்குள்ளும் நுழையலாம் என்று சென்னை மாகாணத்திலே சட்டம் வந்தது 1947இல். இதே திருவண்ணாமலை மாவட்டத்திலே, தண்டராம்பட்டை அடுத்த தென்முடியனூரிலே, ஆதிதிராவிட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முதலாக, காவல் துறையின் பாதுகாப்போடு, நுழைந்த நாள் 2023 ஜனவரி 30. சட்டம் புறப்பட்டது 1947இல். அந்த ஊருக்கு வந்து சேர எழுபத்தாறு ஆண்டுகள்! உள்ளே இருப்பது கல்லா கடவுளா என்பது வேறு வழக்கு. வாசலிலே தடுத்தது மனிதனின் கை; தடுத்ததற்கு அவன் சொல்லி வந்த காரணம், பிறப்பு, தலையெழுத்து, விதி. அந்த விதியை வென்றதும் ஒரு விதிதான், சட்ட விதி. ஆனால் சட்டம் தானே நடந்து வருவதில்லை. சுமந்து வர ஆள் வேண்டும்.

சாலையிலும் அப்படித்தான். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்னும் நெறிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் கட்டாய வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. சாட்சி சொல்ல வா என்று கட்டாயப்படுத்த முடியாது. பெயரைச் சொல் என்றும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டிலே 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "நம்மைக் காக்கும் 48" திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்துக்கு, அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் எந்த நாட்டவராயினும், கட்டணமில்லாச் சிகிச்சை என்றது. எழுத்து இருக்கிறது, மருத்துவமனையும் இருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கும் கால்கள்தாம் வேண்டும்! அந்த அரை மணி நேரத்திலே கடந்துபோன வண்டிகளுள் ஒன்றிலே, விதியை மறுத்துப் பேசிக்கொண்டு நம்மைப் போன்ற ஒருவர் இருந்திருக்க மாட்டார் என்று உறுதி கூற முடியுமா?

அன்றிரவு விடுதியிலே எங்களுக்கு அறை. ஓட்டுநர், வழக்கம்போல், வண்டியின் இருக்கையைச் சாய்த்துப் படுக்கப் போனார். அழைத்து வந்து எங்கள் அறையிலே கட்டிலைக் கொடுத்தோம். "வேணாம் சார், பழக்கந்தான்" என்றார். பழக்கம்! அதுவும் விதியின் மறுபெயர்களுள் ஒன்று. வற்புறுத்தினோம், உறங்கினார். எட்டு மணி நேரம்.

மறுநாள் காலை புறப்படும்போது, மீண்டும் நான்கு எலுமிச்சம்பழங்கள்! குனிந்தவர், எங்களைப் பார்த்துத் தயங்கினார், சிரிப்பார்களோ என்று. யாரும் சிரிக்கவில்லை. சோதிடத்தை எதிர்த்து எழுதும் நண்பர் கேட்டார்: "நன்றாகத் தூங்கினீர்களா?"

"தூங்கினேன் சார்."

"களைப்பு வந்தால் சொல்லுங்கள். எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். எங்களுக்கு அவசரம் இல்லை."

பின்னிருக்கையிலே பட்டைகளைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்கள் இருவரும். ஓட்டுநர் பழங்களைச் சக்கரத்துக்கு அடியிலே வைத்தார். அந்தப் பழத்தைப் பற்றி அவரோடு பேசவேண்டிய நாள் வரும், பேசுவேன். நன்றாக உறங்கிய மனிதனோடு, அவன் உறக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டவன் பேசும்போதுதான் அந்தப் பேச்சு காதிலே விழும்.

வண்டி நகர்ந்தது. செஞ்சிக்கு அருகே அந்தக் கடையிலே நிறுத்தித் தேநீர் அருந்தினோம். அந்த அம்மா, அன்றும் முதலில் ஓட்டுநரின் கண்களைத்தான் பார்த்தார்.